இரண்டு முறை விரித்த படம்

கழுகு என்ற பட்டப்பெயரைச் சொன்னால் அந்த ஸ்டூடியோக் கட்டடத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சினிமாப் படங்களுக்கு நிறம் சரிசெய்கிற கலரிஸ்ட். இருபத்திரண்டு வருட அனுபவம். மூன்றாம் மாடியில், சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே, சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிவப்புச் சட்டையோடு யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். அந்தச் சிவப்பு திரையில் பட்டுத் தன் கண்ணை ஏமாற்றிவிடுமாம். வீட்டிலும் இதே கெடுபிடிதான். மனைவி ஆசையாக வாங்கிவந்த திரைச்சீலையைப் பார்த்து, "இது வெள்ளையே இல்ல, ஒரு சொட்டு பச்சை இருக்கு" என்று சொல்லி அவள் முகத்தைச் சுருங்க வைத்த மகராசன். அவர் கண் தப்பாது என்று ஊரே நம்பியது. ஊரைவிட அதிகமாக அவர் நம்பினார்.

அவரிடம் ஓர் ஆவணப்படம் வந்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. எச்.டி.ஆர். முறையில் வெளியாக வேண்டும். அதாவது, சூளை நெருப்பின் பிரகாசமும் பக்கத்து இருட்டில் நிற்பவளின் முகச்சுருக்கமும் ஒரே திரையில், ஒன்றையொன்று விழுங்காமல் தெரிய வேண்டும். கேமராமேன் வேறு யாருமில்லை, கழுகின் மச்சினன். பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்து அலுத்தவனுக்கு, முப்பத்தைந்து வயதில் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. பாதிப் படப்பிடிப்பு முடிந்திருந்தது. மீதிப் பாதியை அவன் எடுப்பதா வேண்டாமா என்பதை, எடுத்தவரை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தார் டைரக்டர்.

கழுகு படத்தைத் திரையில் போட்டார். நெருப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை. பெண்களின் முகமெல்லாம் ஆரஞ்சுச் சாயம் அப்பியதுபோல இருந்தது. நிழல் கன்னங்கரேல்.

"வெளிச்சம் எரிஞ்சு போச்சு சார்," என்றார் டைரக்டரிடம். "எடுத்ததே தப்பு. இதுல நான் என்ன பண்றது?"

"மாமா, நான் ஒவ்வொரு ஷாட்டும் லைட் மீட்டர் வச்சு பார்த்துதான் எடுத்தேன்," என்றான் பின்னால் நின்ற மச்சினன்.

"கல்யாண மண்டபத்து வெளிச்சம் வேற மாப்ள, இது வேற."

டைரக்டர் சிரித்தார். மச்சினனும் சிரிக்கப் பார்த்தான். அடுத்த நாளே மீதிப் படப்பிடிப்புக்கு வேறு ஆள் தேடத் தொடங்கினார்கள். அன்றிரவு மனைவி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். "தொழில்ல சொந்தம் பார்க்க முடியுமா?" என்றார் கழுகு. தன் நேர்மையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து, ஆறு மாதத்துக்கொரு தடவை மானிட்டரை அளந்து பார்க்கும் டெக்னீஷியன் அம்மாள் காலையிலேயே வந்தார். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது திரையிலிருந்த சூளையைப் பார்த்து நின்றார்.

"சார், கேமரா வெளிச்சத்தையெல்லாம் சுருட்டித்தானே பதிவு பண்ணுது. இந்தப் படத்துக்காகப் போன மாசம் போட்ட புது சாஃப்ட்வேர், ஃபைல் உள்ள வந்ததுமே அதை விரிச்சுடும். நீங்க பழைய பழக்கத்துல மறுபடியும் விரிக்கிறீங்களோ?"

அதேதான். சுருட்டிய வெளிச்சத்தை விரிக்க இருபது வருடமாகக் கை தானாகப் போடும் மாற்று அட்டவணையை இதிலும் போட்டிருந்தார். புது சாஃப்ட்வேரோடு வந்த குறிப்பை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதெல்லாம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்பது அவர் கட்சி. அட்டவணையை நீக்கினார். வெள்ளை ஓட்டைக்குள்ளிருந்து நெருப்பு நாக்கு நாக்காக எழுந்தது. பக்கத்தில் நின்றவளின் நெற்றி வியர்வை ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. அவ்வளவு அழகாக எடுத்திருந்தான் பாவி.

"ரிப்போர்ட்ல நான் மானிட்டரைப் பத்தி மட்டும்தான் எழுதுவேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

டைரக்டருக்குச் சொல்லவேண்டும் என்று கழுகு போனை நான்கு முறை எடுத்தார், நான்கு முறை வைத்தார். சாயங்காலம் டைரக்டரே வந்தார். திரையைப் பார்த்ததும் கழுகின் தோளைக் கட்டிக்கொண்டார். "எரிஞ்சதையே மீட்டுட்டீங்களே! கழுகுன்னா கழுகுதான்!" மறுக்க வாய் திறந்தவர், "ஏதோ, முடிஞ்சதைப் பண்ணேன்" என்றார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே கூசியது. காது மடல் சுட்டது. அந்த அறை இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் மதியம் மச்சினன் வந்து நின்றான். கையில் ஒரு நோட்டு.

"டைரக்டர் சொன்னார் மாமா. என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் காட்டுங்க, எழுதி வச்சுக்கிறேன்."

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு, கோடு கிழித்துத் தயாராக வைத்திருந்தான். அதைப் பார்த்தபின் பொய் வெளியே வரவில்லை. கழுகு அட்டவணையைப் போட்டுக் காட்டினார், எடுத்துக் காட்டினார். மறுபடியும் போட்டார், எடுத்தார்.

"நீ தப்பே பண்ணல மாப்ள. பண்ணது நான்."

மச்சினன் திரையிலிருந்த நெருப்பைப் பார்த்தான். "எப்ப தெரிஞ்சுது மாமா?"

"நேத்து காலையில."

"டைரக்டர் பாராட்டினது?"

"நேத்து சாயங்காலம்."

 கழுகு அவசர அவசரமாக டைரக்டரை ஸ்பீக்கரில் அழைத்து, ஒன்றுவிடாமல் சொன்னார். தன்னை முட்டாள் என்றும் சொல்லிக்கொண்டார். மறுமுனையில் டைரக்டரின் குரல் உயர்ந்தது.

"என்ன சார் நீங்க! இன்னைக்குக் காலையிலதானே புது கேமராமேனை உறுதி பண்ணி, யூனிட்டோட அனுப்பி வச்சேன். நேத்து சாயங்காலம் பக்கத்துலயேதானே நின்னேன்? அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

மச்சினன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான். கதவுவரை போய்த் திரும்பினான்.

"அக்காகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன் மாமா," என்றான்.

அதற்குப் பதில் அவன் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.