பன்னிரண்டாம் வளைவிலிருந்து ஒரு வீடியோ

என் மச்சினி செல்விக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் ஃபேஸ்புக்கில் போட்டாக வேண்டும்! தோசை கருகினால் ஒரு போட்டோ... நன்றாக வந்துவிட்டால் மூன்று. 'இது எங்கே போய் முடியுமோ' என்று நானும் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

எங்கே போய் முடியும் என்று போன வாரம் தெரிந்தது.

செல்வி நிறைமாதம். ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து கணவரோடு ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். அடைமழை. என் சகலை போன் பண்ணினார்.

"அண்ணே, போடிமெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு நிக்கிறோம். இவளுக்கு வலி வேற..."

அதோடு லைன் கட்! திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை. என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினேன்.

அங்கே அலுவலர் ஒரு பெண். கையில் போன், அதில் வந்து குவிகிற வீடியோக்கள்.

"பாருங்கண்ணே... இது வேற மலை. இது போன வருஷத்து வீடியோ. இதுல வெயிலே அடிக்குது! எல்லாரும் 'அய்யய்யோ'ங்கிறாங்க. எந்த எடம்னு ஒருத்தரும் சொல்லலை."

உண்மைதானே? பதற்றத்தை ஃபார்வர்டு பண்ணுகிற அவசரத்தில் விலாசத்தை விட்டுவிடுகிறோம்.

"என் மச்சினி ஏதாச்சும் போட்டிருப்பா மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல? அவள் பக்கத்தைத் திறந்தோம். சிக்னல் போவதற்கு முன்பே போட்டிருந்தாள்!

"மக்களே, பின்னாடி போர்டைப் பாத்துக்கங்க. பன்னெண்டாவது வளைவு. ரோட்டுல பாதி மண்ணு, மீதியில மரம் கெடக்கு. மரத்தை அறுத்துட்டா ஜீப்பு வந்துரும். எனக்கு வலி எடுத்துருச்சு... வெரசா வாங்க!"

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சரிந்த இடத்தை ஆடாமல் சுற்றிக் காட்டியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அலுவலர் எழுந்தே விட்டார். "பொக்லைன் மெதுவா வரட்டும். மரம் அறுக்கிற மிஷினை ஏத்துங்கப்பா. ஆம்புலன்ஸும் கூடவே வரணும்!"

சாயங்காலமே பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வீடியோவுக்குக் கீழே ஊரே 'பாப்பா போட்டோ எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, கருகின தோசையைக்கூட விடமாட்டியே... பாப்பா போட்டோவை இன்னும் போடலையா?" என்றேன்.

செல்வி அவசரமாகத் துண்டை இழுத்துக் குழந்தையை மூடினாள்.

"சும்மா இருங்க மச்சான்... கண்ணு பட்டுரும்!"