எண்ணெய் தொடாத தலை

வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் காலை பஸ்ஸில் தினமும் லேகாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அவள் என் அடுத்த வீட்டுக்காரி. நான் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறவள். என் வேலையைச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். அவள் வேலையை மட்டும் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. புதிதாக யார் ஏறினாலும் அவளுடைய பறட்டைத் தலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஆராவது தவறிட்டாவளா மக்கா?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்காரர்கள்தான் பதினாறு நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருப்பார்கள்.

"ஆரும் இல்ல. ஜோலிக்கு வேண்டி ஆக்கும்" என்பாள் லேகா. எட்டு வருஷமாக இதே பதில்.

ஜோலி இதுதான். செயற்கைக்கோள்களில் வைக்கிற பிளாஸ்டிக்கைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. ஒயர் உறை, டேப், ஒயரைக் கட்டும் பட்டை என்று எது வந்தாலும் லேகா அதில் ஒரு துண்டை எடை போட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடேற்றுவாள். காற்றில்லாத இடத்தில் பிளாஸ்டிக் சும்மா கிடக்காதாம். தன்னோடு கலந்ததையெல்லாம் ஆவியாகக் கக்குமாம். அந்த ஆவி குளிர்ந்த இடம் பார்த்துப் படியும். பெட்டிக்குள் என்றால் ஒரு சின்னத் தகட்டில். மேலே போய்விட்டால் கேமராக் கண்ணாடியில். அங்கே போய்த் துடைக்க யார் இருக்கிறார்கள்? அதனால் தகட்டில் கூடுதலாகப் படிந்தால் அந்தப் பிளாஸ்டிக்கைத் தள்ளிவிடுவார்கள். தலையிலிருந்து கைக்கும் கையிலிருந்து தகட்டுக்கும் ஒரு பொட்டுத் தேங்காயெண்ணெய் போனாலும் சோதனை பாழ். எண்ணெய், பவுடர், பூ எதுவும் கூடாது.

"மேல போன பிறவு அதுக்கு என்ன ஆவும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெயிலில காயும், பிறவு குளிரில கெடக்கும். மாறி மாறி. கடைசியில பப்படம் போல நொறுங்கும்."

"நொறுங்கினது?"

"அங்ஙனயே சுத்திக்கிட்டு கெடக்கும். கீழ எறங்கினா எரியும். எரிஞ்ச பொடி மேலேயே தங்கும். அது என்ன செய்யும்னு படிச்சவங்களுக்கே இன்னும் சரியா தெரியாது." சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அவள் புருஷன் உண்ணிக்கு ரப்பர் மரத்தில் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற வேலை. மழைக்கு முன்னால் ஒவ்வொரு மரத்துக்கும் பாவாடை கட்டுவதுபோல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி ஒட்டுவான், வெட்டுப்பட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க. ரெயின் கார்டு. அடுத்த வருஷம் புதியதை ஒட்டும்போது பழையதைக் கிழித்து மரத்தடியிலேயே போட்டுவிடுவான். வெயில் பட்டு அதுவும் பப்படம்தான். மிதித்தால் நொறுங்கி மண்ணோடு போய்விடும். இதற்காக அவர்கள் சண்டை போடாத மாதம் இல்லை. எனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும்.

"பெறக்கி சாக்கில கெட்டினா என்ன? பஞ்சாயத்திலேருந்து பெண்ணுங்க வந்து எடுப்பாங்கல்லா?"

"ஒனக்கு ஆகாசத்தில கெடக்கிற பிளாஸ்டிக் போதாதா? இஞ்ச ஆரு எடை போட வாறா? வாற வருஷம் பாப்போம்."

எட்டு மழைக்காலமும் அது வாற வருஷம்தான். நல்ல மனுஷன்தான்; குனிவதற்கு மட்டும் உடம்பு வணங்காது.

இந்த வருஷம் ரெயின் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சொந்த மண்ணில் தெற்குப் பக்கம் எரிப்பது அவர்கள் வழக்கம். ரப்பர் மரங்களுக்கு நடுவே சிதைக்குக் குழி வெட்டினார்கள். மண்வெட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் மண்ணோடு பிளாஸ்டிக் துண்டும் தூளுமாக வந்தது. அழுதுகொண்டிருந்த லேகா எழுந்துபோய்க் குழி ஓரத்தில் குந்தி அதைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவளுடைய அக்காள் ஸ்ரீகுமாரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எடி, ஆளுங்க பாக்காவ. ஒனக்கென்ன பிராந்தா?"

"இதுக்க கூட வச்சு அவரை எரிக்கப்பிடாது அக்கா. இதுக்க பொகை கெட்டது."

குழி வெட்டியவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நானும் போய்க் குனிந்தேன். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. "போதும், நேரமாவுது" என்று யாரோ அதட்டிய பிறகுதான் லேகா எழுந்தாள். துப்பட்டாவில் அள்ளியதை எங்கே போடுவது என்று தெரியாமல், எரிந்து முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

பதினாறாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தால்தான் சாவுத் தீட்டு கழியும். முந்தின நாளே கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. சோதிக்க வேண்டிய சரக்கு குவிந்து கிடக்கிறது, பதினேழாம் நாளும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். ரப்பர் வெட்ட இனி உண்ணி இல்லை. மகள் ஜிஜா பிளஸ் டூ படிக்கிறாள். அந்த வேலையும் போனால் அந்த வீட்டுக்கு வேறு கதி இல்லை.

ஸ்ரீகுமாரி கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் அக்கா. நாளைக்கு ஜோலி உண்டு."

"ஒரு துள்ளி போதும்டி. ஒடனே சோப்பு போட்டு களுவிடலாம்."

"முழுசும் போவாது அக்கா. எனக்கு தெரியும்."

"பின்ன தீட்டு எப்படி தீரும்? சாவு வரைக்கும் துக்க வீட்டுக்காரி போலயா நடக்கப்போற?"

"நடந்துட்டு போறேன்."

ஸ்ரீகுமாரி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. கம்பெனிக்காரன் மேல், அந்த எண்ணெய் மேல், வாற வருஷம் வாற வருஷம் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தவன் மேலும்கூட. லேகா வெறும் தண்ணீரை ஊற்றிக் குளித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அதே பஸ், அதே சீட். வழியில் மீன் பாத்திரத்தோடு ஏறிய ஒரு அம்மை எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். லேகாவின் தலையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டில ஆராவது தவறிட்டாவளா மக்கா?"

"ஆரும் இல்ல. ஜோலிக்கு வேண்டி ஆக்கும்" என்றாள் லேகா.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மை நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு, அது என்ன ஜோலி என்று கேட்க ஆரம்பித்தாள்.