அக்குளில் போட்ட தையல்

டிசம்பர் மாதம் விடியற்காலையில் ஓடப்போகிறவள் எதை உடுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, கல்யாண வீட்டில் பட்டுப்புடவைக்குக்கூட நடந்திருக்காது. தொண்ணூறுகளின் கடைசி. ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா ஒரு மார்கழியில் நெஞ்சுச்சளி முற்றி, அக்காவின் மடியில் உயிரை விட்டாள். அன்றிலிருந்து குளிர் விஷயத்தில் அக்கா சூடு கண்ட பூனை. நான் தும்மினால் போதும், தைலப் புட்டியோடு வந்து நிற்பாள்.

நான் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். ஓட்டக்காரர்களுக்கென்று சில வேலைகளை ஒதுக்கியிருந்த ஒரு தொழிற்சாலை, ஜனவரியில் ஓடவிட்டு ஆள் எடுக்கப் போவதாக அறிவித்திருந்தது. பெண்களுக்கு ஒரே ஓர் இடம். வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பத்து வருஷம் கார்மென்ட்ஸில் குனிந்து தைத்துத் தைத்து அக்காவின் முதுகு வளைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வேலை கிடைத்தால்தான் அவள் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியும்.

அதுவரை நான் அம்மாவின் கம்பளி ஸ்வெட்டரில்தான் ஓடினேன். பனியையும் வியர்வையையும் குடித்து அது ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். அக்காவின் ஃபேக்டரியில் வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்துப் போட்ட உடுப்புகளை வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளிகளுக்கே விற்பார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். மெல்லிய பஞ்சு வைத்து, ஓடுகிறவர்களுக்கென்றே தைத்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

கழித்த துணியை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது, எதற்காகக் கழித்தார்கள் என்பதைத்தான். அக்கா விளக்கடியில் பிரித்துப் பார்த்தாள். பஞ்சு சரி, ஜிப் சரி. இரண்டு அக்குளிலும் மட்டும் துணிக்குப் பதில் வலை. பத்து வருஷமும் காலர் மட்டுமே தைத்தவள் அவள். முழு உடுப்பு எப்படி முடிகிறது என்று பார்த்ததே இல்லை. அதுதான் குறை என்று முடிவுகட்டி, உள்பக்கம் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டு அடைத்துவிட்டாள். வெயில் ஏறும்வரை கழற்றமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அதைப் போட்டு ஓடினால் மூன்றாம் சுற்றிலேயே எனக்குக் கண் இருட்டும். ஓடி நின்றதும் உள்ளே ஊறிய வியர்வை சில்லிட்டு உடம்பு வெடவெடக்கும். கோச் அந்தத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வியர்வை வெளியே போகத்தான் அங்கே வலை வைப்பார்கள் என்றார். நான் அக்காவிடம் சொல்லவில்லை. நூல் தெரியாத அந்தத் தையலைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வராது. ஆனால் தேர்வுக்கு இருந்த மூன்று வாரமும் அவள்மேல் உள்ளுக்குள் கடுகடுத்துக்கொண்டே இருந்தேன். பாசத்தில் என்னைக் கட்டிப்போடுகிறாளே என்று வெறுப்பாகக்கூட இருந்தது.

தேர்வு நாளன்று வாய் திறந்தால் புகை வந்தது. ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அக்காவும் மைதானத்துக்கு வந்திருந்தாள். உடம்பைச் சூடாக்க இரண்டு சுற்று ஓடிவிட்டு அவள் பக்கம் போனேன். காலரைச் சரிசெய்யக் கை வைத்தவள், விரல் ஈரமானதைப் பார்த்தாள். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு முதுகைத் தொட்டாள்.

“ஏன்டி இப்படி நனைஞ்சிருக்க?”

இனி மறைக்க முடியவில்லை. “அது குறை இல்லக்கா. வேர்வை போறதுக்கு வச்சது. நீ அடைச்சிட்ட.”

நான் எதிர்பார்த்தது அழுகையை. அவள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். என் கையைத் தூக்கச் சொல்லி, தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் வந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அம்மா கடைசி நாள்ல ஜன்னலத் தெற, காத்து வரட்டும்னு கேட்டுச்சு. நான் தெறக்கல. குளிர் பூந்துடும்னு தாழ் போட்டேன். கைய நீட்டி நீட்டிக் கேட்டுச்சுடி.”

அதற்குள் பெயர் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டரைச் சுற்று. அக்குள் வழியாகக் காற்று புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதைத் தனியாகச் சுமந்தவளிடமா முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ஓடினேன். முதலாவதாக வந்தேன்.

நேராக அவளிடம் போய், “அம்மா போனது நீ ஜன்னல மூடினதால இல்லக்கா” என்றேன். உண்மையா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

ஓட்டத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. “நெஜமாவா சொல்ற?” என்று அதைத்தான் இரண்டு தடவை கேட்டாள்.