ராக்கெட்டில் எங்கள் வீட்டு எண்

சந்தேகப்படுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய குவார்ட்டர்ஸில் வளர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அப்பா அங்கே உலோகம் கடையும் லேத் ஓட்டினார். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் சைக்கிள் சீட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்த வரிசையில் ஒருவர் சட்டைப்பையில் பித்தளைத் துண்டு வைத்திருந்தார் என்று பிடிபட்டார். அந்தக் குடும்பம் கட்டிலையும் பீரோவையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை போனால் வீடும் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நான் எங்கள் வீட்டைக் காவல் காக்க ஆரம்பித்தேன். நாலாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு அது தேவையில்லாத வேலைதான். ஆனால் வீட்டுக்குள் அப்போதுதான் மாமா வந்து சேர்ந்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, அந்த வருஷம் தொழிற்சாலையில் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள் என்று அப்பா எழுதியதை நம்பி, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திருந்தார். ஆள் எடுக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் ராக்கெட் விட்டார். தீபாவளி ராக்கெட் இல்லை. அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பழைய காலண்டர் தாளைச் சோற்றுப் பசை தடவிக் குழாயாகச் சுற்றி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் இறக்கை வெட்டி, ஆணி பிடுங்கிய பம்பரத்தை மூக்காக ஒட்டுவார். உள்ளே பால் கவரில் செய்த குட்டி பாராசூட் மடங்கியிருக்கும். மேலே போனது உடையாமல் திரும்பி வரவேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது என்பார்.

அவருடைய ராக்கெட்டுகளோ மேலேயே போகவில்லை. புகை சீறி வெளியேறும் அடிவாயை அவர் நாசில் என்பார். அதைக் களிமண்ணில் செய்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அது வெடித்துச் சிதற, ராக்கெட் கோவில்பதாகைப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரியில் எலிபோலத் தரையோடு ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வந்தார். வேடிக்கை பார்க்க இல்லை, பிள்ளை மேல் நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று சொல்லிக்கொண்டார். உடைந்த நாசிலை எடுத்து வெகுநேரம் விரல்களுக்கிடையே உருட்டினார். பிறகு, உருப்படாத வேலை என்று வீசிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கொஞ்ச நாளில் மாமாவிடம் பித்தளை நாசில் ஒன்று வந்து சேர்ந்தது.

விரல்கணு அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் புனல்போல விரிந்து நடுவில் ஒடுங்கி, உள்ளேயெல்லாம் முகம் தெரிகிற பளபளப்பு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த பையனின் பட்டறையில் கடைந்து வாங்கியது என்றார். அம்பத்தூருக்கு பஸ் ஏறிப் போகக்கூட அம்மாவிடம்தான் அவர் சில்லறை வாங்க வேண்டும். அந்த வாரம் அவர் வாங்கவில்லை. மாமா எங்கேயோ திருடுகிறார், அடுத்த மாட்டுவண்டி நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மாமா குளிக்கப் போன நேரத்தில் டிரங்குப் பெட்டியைச் சோதனை போட்டேன். காலி குழாய்கள், நூல்கண்டு, வேறு அளவில் இன்னொரு நாசில். புதிதாக இருந்தது, இன்னும் ராக்கெட்டில் ஏறாதது. அதன் துளைக்குள் ஒரு சோற்றுப் பருக்கையும் ஒரு கடுகும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பசை தடவும்போது பட்டிருக்கும் என்று ஊக்கால் சுரண்டிவிட்டு இருந்த இடத்தில் வைத்தேன். அன்று மாலையே அப்பாவிடம் போய், மாமா மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னேன். அப்பா என்னை உற்றுப் பார்த்தார். இதை வெளியில் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றதும், பேசாமல் போய்ப் படி என்றார்.

அம்மாவின் சந்தேகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்கு அவள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த தயிர்ச்சோறு கட்டிக் கொடுப்பாள். அப்பா பாக்ஸை வழித்துத் தின்பவர். அந்த நாட்களில் அடிக்கடி பாதிச் சோறு மீந்து வந்தது. அதைவிட மோசம், வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தைப் பின்பக்கம் காக்கைக்குப் போட்டுவிட்டு, பாக்ஸை அவரே கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தம்ளரைக் கழுவாத மனுஷன். எங்கேயோ சாப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் தம்பி சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைக் கவனிக்கத் தொடங்கினாள்.

ராக்கெட் இப்போது நெட்டுக்குத்தாகப் போய் பாராசூட்டில் இறங்கியது. அதைப் பொறுக்கப் பக்கத்து வரிசைப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷத்துக்கு இரவல் போகிற வாளி, அண்டா, நாற்காலி எல்லாவற்றிலும் வீட்டு எண்ணை எழுதிவைப்போம், இல்லாவிட்டால் திரும்பி வராது. அம்மா சிவப்பு பெயிண்டை எடுத்து, வாளியில் எழுதுகிற மாதிரியே ராக்கெட்டிலும் எங்கள் எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டாள். தம்பியின் பொருள் தொலையக் கூடாதாம்.

தொலையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று மாறி வீசியது. பாராசூட் விரிந்து, ஏரியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஆடி அசைந்து போய்த் தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே இறங்கியது. மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கேட்டில் சோதனை போடும் காவலர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கோவில்பதாகைக்காரர், எல்லோரையும் அறிந்தவர். அம்மா போட்ட நாற்காலியில் உட்காராமல் ராக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"உங்க ஊட்டு நம்பர்தான சார்? மதிலுக்கு உள்ள வுழுந்து கெடந்துச்சு. இந்தப் பித்தளை நம்ம உள்ள கடைஞ்ச மாரி கீதே."

அப்பாவின் கை நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. வெளியே மாட்டுவண்டி நிற்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். அப்போது மாமா உள்ளறையிலிருந்து வந்து நடுவில் நின்றார்.

"அத்தானுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. வெளிய ஒரு ஆள்கிட்ட நான்தான் வாங்கினேன். யாருன்னு கேக்காதீங்க."

காவலர் தலையை ஆட்டினார். அவர் நினைத்துக்கொண்டு வந்ததும் அதுதான் போலிருந்தது.

"சார் மேல எனக்கு டவுட்டே இல்ல. தெனம் அவரு டிபன் பாக்ஸ தொறந்து பாக்கறவன் நானு. சோத்த மிச்சம் வெச்சினு போவாரு, அவ்ளோதான். நான் மேல எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம். பையன ஊருக்கு அனுப்பிடுங்க."

நாசிலைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அதை அவர் எங்கே ஒப்படைத்தார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

மாமா அடுத்த நாள் ரயிலேறினார். பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது அவர் பெயரை அப்பா எடுக்கவே முடியவில்லை. என் சந்தேகம் பலித்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அப்பா ஸ்டேஷன்வரை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். திருடனின் பெட்டியை ஏன் சுமக்கிறார் என்று நினைத்தேன்.

அதன்பிறகு ஒரு நாள்கூட டிபன் பாக்ஸில் சோறு மீந்து வரவில்லை. அம்மா அந்தக் காலி பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் அழுதாள். என் தம்பி இரண்டு வாய் தின்றது உங்க அப்பாவுக்குத் தொண்டையில் குத்தியிருக்கிறது, அவன் போனதும்தான் இவருக்குச் சோறு இறங்குகிறது என்று என்னிடம் சொன்னாள். அப்பா கூடத்தில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். அம்மா அதற்குப்பின் தம்பியை வீட்டில் வந்து தங்கச் சொல்லவே இல்லை. மாமா ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் பார்த்துக் காலத்தை ஓட்டினார்.

பல வருஷம் கழித்து என் கல்யாணப் பந்தியில் மாமா உட்கார்ந்திருந்தார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். பரிமாறுகிறவரிடமிருந்து தயிர்ச்சோற்று வாளியை வாங்கி, மாமாவின் இலையில் அவரே போட்டார். மாமா சோற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்லையே அத்தான்" என்றார். அப்பா சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து, வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எதிர் வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டில் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள், சரி. அடுத்தவர் எச்சில் சோற்றுக்குள் எந்தக் காவலர் விரலை விடுவார்? வேலையையும் வீட்டையும் எங்கள் எல்லோரையும் அந்தத் தயிர்ச்சோற்றுக்குள் புதைத்துக்கொண்டு அப்பா கேட்டைத் தாண்டி வந்திருக்கிறார், மைத்துனனின் காகிதக் குழாய் ஒன்று நேராக மேலே போவதைப் பார்ப்பதற்காக. அம்மா அந்தப் பந்தியிலும் தம்பிக்குப் பக்கத்தில் நின்று, அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அத்தனை பேரையும் வேவு பார்த்த பெண் நான். நாசிலின் துளைக்குள் இருந்ததை என் கையால்தான் சுரண்டி எடுத்தேன். பசைச் சோற்றுக்கு யாரும் கடுகு தாளிப்பதில்லை என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.