மேட்டு வீட்டுக்கு ஏறாத தண்ணீர்

அரசாங்கம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டித் தந்த தனிவீட்டு வரிசையில் எங்கள் வீடுதான் ஆக மேலே இருந்தது. சாவி கையில் கிடைத்த அன்று அப்பாவுக்கு அதுதான் பெரிய பெருமை. வாசலில் நின்றால் கீழே எல்லார் வீட்டுக் கூரையும் தெரியும், துரை பங்களாவில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மேட்டில் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் ஏறுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அதுவரை நாங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில், ஒரே காம்பராவில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். லயத்துக்குப் பின்னால் ஒரு பீலி. மலையிலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணீர் மூங்கில் தப்பை வழியாக விழுந்துகொண்டே இருக்கும். விடியுமுன் வரிசையில் நின்று பிடித்துவிட வேண்டும். பிடிப்பது அம்மா, தூக்குவதும் அம்மா. அது ஏன் அப்படி என்று லயத்தில் யாரும் கேட்டதில்லை.

வீடு கிடைத்த வருடம்தான் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கொழுந்துக் கூடை சுமப்பவளிடம் போய் இதைச் சொல்வது நல்ல வேடிக்கைதான். அப்பா யார் யார் காலிலோ விழுந்து, அம்மாவை மலை வேலையிலிருந்து தொழிற்சாலை கூட்டுகிற வேலைக்கு மாற்றினார். கூடை இறங்கிவிட்டது. குடம் மட்டும் மிச்சம். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டால் அதுவும் இறங்கிவிடும் என்று அப்பா நாள் தவறாமல் சொன்னார். எங்களுக்கு அந்த வீடு என்றால் அந்தக் குழாய்தான்.

கைத்தொழில் தெரிந்தவரை பாஸ் என்பது எங்கள் வழக்கம்; குழாய் போட வந்தவரை நாங்கள் லைசன்ஸ் பாஸ் என்று கூப்பிட்டோம். வீட்டுத் திட்டத்துக்காக அரசாங்கக் கந்தோரிலிருந்து, அதாவது ஆபீசிலிருந்து, அனுப்பிய கொந்தராத்துக்காரர். தன்னுடைய லைசன்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குனிந்து பைப்பை வெட்டும்போது அது மண்ணில் இழுபடும். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வெட்டுவார். எங்கள் ஆள்தான், டவுனில் வீடு. அம்மா கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு "அக்கா கைப்பக்குவமே தனி" என்பார். அவரைப் பிடிக்காதவர்கள் அந்த வரிசையில் இல்லை.

ஊற்று, எங்கள் வீட்டுக்கும் வெகு மேலே கற்பாறை அடியில் இருந்தது. தண்ணீர் சேர்க்கும் சீமெந்துத் தொட்டியை அந்தப் பாறை அடியிலேயே கட்டியிருக்க வேண்டும். அவர் ரோட்டோரமாகக் கட்டினார். லொறியிலிருந்து மணலும் கல்லும் இறக்கிப் போட அதுதான் வசதி. ரோட்டுக்குக் கீழே இருந்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்து ஓடியது. எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே. தண்ணீருக்கு லைசன்ஸ் வாசிக்கத் தெரியாதே. அது ஏறவில்லை.

"காத்து அடைச்சிருக்குண்ணே, ரெண்டு நாள்ல வந்திரும்" என்றார் பாஸ். அந்த ரெண்டு நாள் மழைக்காலம் முடிந்தும் முடியவில்லை. பிறகு அவர் போன் எடுப்பதையும் விட்டுவிட்டார். அம்மா முன்பு லயத்துக்குப் பின்னாலிருந்த பீலிக்கு நடந்தாள். இப்போது அதே பீலிக்குப் போய், குடத்தோடு மேடு ஏற வேண்டியிருந்தது. வீடு கிடைத்ததில் எங்களுக்குக் கூடியது அந்த ஏற்றம்தான்.

அப்பா பழக்க தோஷத்தில் முதலில் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போனார். இது இப்போது உங்கள் சொந்த வீடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் போனார். அவரும் சொந்த வீடு என்றுதான் சொன்னார், கொஞ்சம் பொறாமையோடு. சொந்த வீட்டுக்காரன் யாரிடம் போய் முறையிடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் தலவாக்கலைக்கு நடந்து, பஸ் ஏறி நுவரெலியா போய் வீட்டுத் திட்டக் கந்தோரைத் தேடிப் பிடித்துப் புகார் கொடுத்தார். அதன்பிறகும் பலமுறை போனார். போன நாளெல்லாம் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை.

ஒரு நாள் போன் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் பாஸையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து பார்த்துத் தீர்த்துவைப்பாராம். அப்பா போனை வைத்துவிட்டு அப்போதே வாசலைக் கூட்டத் தொடங்கினார். எங்கள் குடும்பத்தில் எவர் வீட்டுக்கும் அதுவரை ஓர் அதிகாரி வந்ததில்லை.

தோட்டத்தில் பெரிய ஆட்கள் வந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். பெரிய துரை வருகிறார் என்றால் வடிகால் கான் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, எங்களுக்குத் தலை வாரி விடுவார்கள். அழுக்கும் குறையும் இருந்தபடியே ஒருவரை வரவேற்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. வந்து பார்க்கிறவர்கள் அந்த அழுக்கைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றாலும் சரி.

"வர்றவங்க கக்கூசுக்குப் போகணும்னு கேட்டா என்ன செய்யிறது? கை கழுவணும்னா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "சொந்த வீட்டுல வச்சி ஒரு மனுசனுக்குத் தண்ணி இல்லன்னு சொல்றதா?" என்றார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பூராவும் நாங்கள் தண்ணீர் தூக்கினோம். அம்மா குடத்தில், அக்கா வாளியில், நான் ஒரு பெயின்ட் டப்பாவில். அப்பா ஏணியில் நின்று வாங்கி வாங்கிக் கூரைமேல் பாஸ் பொருத்திவிட்டுப் போன, அதுவரை காலியாகவே கிடந்த கறுப்பு டேங்கில் ஊற்றினார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தரம் மூன்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை. அம்மா மட்டும் ஏற்றத்தில் அடிக்கடி நின்று, அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எனக்காகக் காத்து நிற்கிறாள் என்று நினைத்து நான் ஓடி ஓடி அவளை எட்டிப் பிடித்தேன்.

அதிகாரி நல்ல மனிதர். இதை நான் சொல்லத்தான் வேண்டும். ஏற்றம் ஏறி வந்ததில் களைத்திருந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், என் கன்னத்தைத் தட்டினார். வந்ததும் முதல் வேலையாகக் கக்கூசு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்று அர்த்தம்.

உள்ளே தண்ணீர் சளசளவென்று கேட்டது. அவர் வெளியே வந்து, அடுப்படிக் குசினியில் இருந்த குழாயைத் திறந்து கை கழுவினார். பாதியில் கை நின்றது.

"தண்ணி வருதே" என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். அதில் முடிந்தவரை மரியாதையாகச் சொன்னார். "அது நாங்க ஊத்துனது சேர். பீலியில இருந்து தூக்கிட்டு வந்து ஊத்துனோம்."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னு சேர்."

அதிகாரி அப்பாவையே பார்த்தார். "தண்ணி வரல்லன்னு காட்டத்தானே என்னைக் கூப்பிட்டீங்க. அப்புறம் ஏன் டேங்கை நிரப்பி வச்சிருக்கீங்க?"

இதற்கான பதிலை அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். எங்கள் லயத்தில் அதை யாரிடம் சொன்னாலும் புரிந்திருக்கும். லைசன்ஸ் பாஸுக்கும் புரிந்திருக்கும், அவரும் லயத்தில் பிறந்தவர்தான். அவரோ கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போடுவதும் வெளியே எடுப்பதுமாக நின்றார். பிறகு மெதுவாக, "புதுசா பைப்பு புழங்குறாங்க சேர், வால்வைத் தெறந்து மூடத் தெரியாம இருந்திருக்கும்" என்றார். பொய்யென்று கூட முழுசாகச் சொல்ல முடியாத ஒரு பேச்சு. அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பா வாசலுக்கு ஓடினார். "வாங்க சேர், தொட்டி எங்க இருக்கு, எங்க வீடு எங்க இருக்கு, நீங்களே பாருங்க." அதிகாரியும் வந்து பார்த்தார். அதற்குள் பனி மூடிவிட்டது. ரோடு தெரியவில்லை, தொட்டி தெரியவில்லை, அப்பா பெருமைப்பட்ட கூரைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. இன்னும் இரண்டு இடம் போக வேண்டும், மறுபடி தண்ணீர் நின்றால் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. தேத்தண்ணி நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னார். அவர் நீட்டிய சிங்களத் தாளில், வாசிக்கத் தெரியாமலே, அப்பா கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் புகார் தீர்ந்துவிட்டது. பிறகு எத்தனை முறை போனாலும் தீர்ந்த புகாரை மறுபடி எடுக்க முடியாது என்றுதான் பதில் வந்தது.

எனக்கு அதெல்லாம் அன்று எங்கே தெரியும்? எங்கள் குழாயில் தண்ணீர் வந்ததை ஓர் அதிகாரியே வாயால் சொல்லிவிட்டார். அவர்கள் இறங்கிப் போனதும் நானும் லயத்துக்கு ஓடி, எங்கள் வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒவ்வொரு காம்பராவாகச் சொன்னேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உன் அம்மாவுக்கு இனி விடிவுகாலம் என்று ஒருத்தி என் கையில் ஒரு துண்டு ரொட்டி வைத்தாள்.

ரொட்டியோடு திரும்பி வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே போக வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். குசினியில் அம்மா எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். குழாய் இன்னும் திறந்திருந்தது. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குழாய்க்கு அடியில் நீட்டியபடி நின்றாள். தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

சொந்தக் குழாய்த் தண்ணீரில் கை நனைக்க அம்மாவுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு, ரொட்டியில் பாதியைப் பிய்த்து அந்தக் கையில் வைத்தேன்.