உரோமுக்குப் போகாத சீனரும் ஸ்ரீலேகா ரீச்சரும்

உள்ளிப்பூண்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பி, அதிலுள்ள சீன எழுத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டு நிற்பார் ஸ்ரீலேகா ரீச்சர். பின்னால் நிற்கும் சனம் பிரெஞ்சில் "பார்தோன், மடாம்" என்று நெருக்கினாலும் நகரமாட்டார். நகரத்தின் அந்தக் கோடியிலுள்ள கர்க்லாண்டிலிருந்து செயின்ட்-மிஷேலுக்கு, என் கடைக்கென்றே சனிக்கிழமைகளில் வருகிறார். வராமல்? என் கடைக் கத்தரிக்காய் இந்த நகரத்தில் வேறு எங்கே கிடைக்கும்! ஐந்தாம் வகுப்போடு வந்து இரண்டு கடை போட்டவன் நான்.

ரீச்சருக்கு ஊர் மதுரை. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். அந்தக் காலத்துச் சீனர் உரோமாபுரியைப் பற்றி என்னென்ன எழுதிவைத்தார்கள் என்பதே எந்நேரமும் கதை. போய்ப் பாராமல் எழுதியதாம்.

"அங்க ஆட்டுக்குட்டி மண்ணுலேர்ந்து முளைக்குமாம் ஐயா. தொப்புள்கொடி தரையோட ஒட்டியிருக்குமாம்."

"எருப் பசளை என்ன போடுவினம், ரீச்சர்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சந்தையில எல்லாருக்கும் ஒரே விலைன்னும் எழுதியிருக்காங்க."

"அது என்ர கடையைப் பாத்து எழுதினது."

போன சனிக்கிழமை சிரிப்பு இல்லை. சீனாவில் ஒரு பல்கலைக்கழகம் பேச அழைத்திருந்தது. அன்றைக்கே பதில் போட வேண்டும். இவ்வளவு காலம் சீனம் படித்தவர் சீனாவில் கால் வைத்ததில்லை.

"சைவச் சாப்பாடே கிடைக்காதாம் ஐயா. இந்த வயசுல ஒத்தையா எப்படி..."

"ஆர் சொன்னது?"

"எங்க தெருவுல எல்லாரும்."

"அவையள் போனவையோ?"

கையிலிருந்த உள்ளிப் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, உரோமுக்குப் புறப்பட்ட சீனத் தூதன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். கடற்கரைவரை வந்தானாம். "மூன்று வருடச் சாப்பாடு கட்டவேணும், நடுக்கடலில் ஊர் நினைவு வந்தே செத்துப்போவீர்" என்று கப்பற்காரர் வெருட்ட, திரும்பிவிட்டானாம்.

"சீனனுக்கும் உரோமனுக்கும் நடுவில நிண்டு வியாபாரம் செய்யிறவன் வேற என்ன சொல்லுவான்? நானும் கப்பலில வந்தவன்தான். ஊர் நினைவு வரும். சாகமாட்டம்."

"அந்தக் கப்பல்காரங்க சொன்னது பொய்னுதான் ஐயா நான் வருஷக்கணக்கா எழுதிட்டிருக்கேன்..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

போனை எடுத்து, அழைப்புக் கடிதத்தில் 'வருகிறேன்' என்ற இடத்தைத் தட்டினார். குளிருக்குப் போட்ட கையுறை, விரல் பட்டதைப் போன் உணரவில்லை. கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து உருவி, வெறும் பெருவிரலால் அழுத்தினார்.