பந்து வராத நாற்காலி

ஆனி ரோஸ் உட்கார்ந்து சாப்பிட்டு எறையூரில் யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று தெருவில் சொல்வார்கள். பிறக்கும்போது அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கணவன் ஜான் பீட்டர் கத்தாருக்கு வண்டி ஓட்டப் போய்ப் பதினான்கு வருஷம். மகள் ரீனா நர்ஸ் வேலைக்கு ஹைதராபாத் போய் இரண்டு வருஷம். வீடு காலியாகக் காலியாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. உட்கார்ந்தால் வீட்டில் யாருமில்லை என்பது தெரிந்துவிடும். அதனால் அவள் உட்காருவதில்லை.

வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை. நர்சுக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் ஊருக்கு அவள் நர்சம்மா. கரும்பு லாரி ஓட்ட வந்த புருஷனோடு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வரதராஜன்பேட்டையிலிருந்து இங்கே வந்தவள். அன்றைக்கும் இந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வீடு வீடாகப் போனதில் அவள் ஒன்றைக் கவனித்தாள். பிரஷர் பார்த்து முடித்து பட்டையைச் சுருட்டும் நேரத்தில், "இன்னொரு வாட்டி அமுக்கிப் பாருங்களேன்" என்பார்கள். இரண்டாம் தடவை பார்ப்பதால் பிரஷர் ஒன்றும் இறங்கிவிடாது. நர்சம்மா இன்னும் ஐந்து நிமிஷம் இருப்பாள், அவ்வளவுதான். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்க, பெற்றவர்கள் ஆளுக்கொரு டிவிக்கு முன்னால் கிடந்தார்கள். இதற்கு எந்த மாத்திரையும் அவள் பையில் இல்லை.

போன வருஷம் திருச்சியில் இரண்டு நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். தனிமையில் இருப்பவர்களை வட்டமாக உட்காரவைத்து விளையாட்டு மூலமாகப் பேசவைப்பது எப்படி என்ற பயிற்சி. ஊமை நடிப்பு, சாக்பீஸில் தான் படித்த பள்ளிக்கூடத்தை வரைவது, கைதட்டிப் பதில் சொல்வது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு புத்தகமும் மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் பந்தும் கொடுத்து அனுப்பினார்கள். பந்து விளையாட்டுதான் முதல் விளையாட்டு. யாருக்கு எறிகிறாயோ அவர் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். சார், மேடம், அண்ணன், அத்தை ஒன்றும் கூடாது. வட்டத்துக்குள் எல்லாரும் சமம், பெயர் மட்டும்தான். புத்தகத்தில் இந்த வரிக்குக் கீழே ஆனி ரோஸ் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டாள். வேதவாக்காகவே எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும்.

பழைய அங்கன்வாடிக் கட்டடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து, சனிக்கிழமை நாலு மணிக்கு வட்டம் கூடியது. வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்காக நடத்துவதாக அவள் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானமே நாற்காலிகளைத் துடைக்கப் போய்விடுவது யாருக்காக என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒருவரைக் கொண்டுவர மட்டும் அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பெயர் கொளஞ்சியப்பன். சர்க்கரை ஆலையில் கரும்பு எடைபோடும் இடத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். யார்டில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில் பெயரைக் கூப்பிடுவார். அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லாதா என்று ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். மனைவி ஆண்டாயி தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் தமிழழகன் சிங்கப்பூரில். சர்க்கரையும் பிரஷரும் துணைக்கு உண்டு. முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவுமாக வந்து, ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனி ரோஸுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மூன்று சனிக்கிழமை வந்தார். நாலாவது வாரம் வரவில்லை. திங்கட்கிழமை மாத்திரை கொடுக்கப் போனால் கேட் பூட்டியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாத்திரைப் பையை கேட் கம்பியில் மாட்டிவிட்டு வந்தாள். புதன்கிழமை போனபோதும் பை அப்படியே தொங்கியது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. எறும்பு ஏறியிருந்தது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தத் தெரு வழியாகப் போனாள். வாலிகண்டபுரத்துக்குப் போகிற பஸ் பிடிக்கவும் அந்தத் தெரு, கடைக்குப் போகவும் அந்தத் தெரு. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள் எப்படி விழுவார்கள் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஐந்தாவது தடவை கேட்டை உலுக்கியே விட்டாள். ஜன்னல் பாதி திறந்தது.

"மூணு சனிக்கெழம வந்து ஒக்காந்தேம்மா. ஒரு வாட்டிகூட பந்து எங்கிட்ட வரல. வேண்டாத ஆளுக்கு அங்க என்ன வேல, சொல்லு" என்றார் கொளஞ்சியப்பன். ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆனி ரோஸ் அங்கேயே நின்று மூன்று வாரத்தையும் நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். பந்து அந்த ஜன்னல் பக்கம் போகவே இல்லை. வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் அவள் கண்ணில் அது படவே இல்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். அவருக்கு நேர் எதிரில் உட்காருபவள் ராசாத்தி. பந்து அதிகமாக அவள் கைக்குத்தான் போகும். கோபத்தோடு கோபமாக நேரே ராசாத்தி வீட்டுக்கு நடந்தாள்.

ராசாத்தி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விதவை, ஐம்பதைத் தொடுகிற வயசு, வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. நர்சம்மா பொரிந்து தள்ளியதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"அவரு பேருதான் எங்க மாமனாரு பேருங்க. அவரு இருந்த காலத்துலயே வாயால சொன்னதில்ல, இப்ப சொல்லுவனா? மணவாளநல்லூர்ல சாமிக்கும் அதே பேரு, அங்க போனாக்கூட அந்தப் பேரச் சொல்ல மாட்டேன். மணவாளநல்லூர்ச் சாமின்னுதான் கும்புடுவேன்."

ஆனி ரோஸ் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்கள் கதையும் ராசாத்திக்குத் தெரிந்திருந்தது. டிராக்டர் ஓட்டிய நல்லதம்பி முப்பது வருஷம் அந்த மைக்குக்குக் கீழே நின்றவர். சார் என்று சொல்லிப் பழகிய வாயில் வெறும் பெயர் வராது. மற்ற பெண்களுக்கு அவர் பெரிய மனுஷர், பெயர் சொன்னால் மரியாதையாக இருக்காது. அதனால் ஆளாளுக்குப் பெயர் சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும் எறிந்தார்கள். அந்த நாற்காலி மட்டும் விட்டுப்போயிற்று. ஒருவர் மனசிலும் விகல்பம் இல்லை.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று ஆனி ரோஸ் கேட்டாள். அவருடைய சம்சாரம் ஆண்டாயியும் தானும் செட்டிகுளத்துக்காரிகள், தனக்கு ஆண்டாயி அக்கா முறை, அப்படியானால் அவர் மாமா, வேறென்ன என்றாள் ராசாத்தி. முகத்தில் லேசான வெட்கம். கேலி பேசுகிற முறையாயிற்றே.

"அதச் சொல்லி எறிஞ்சிருக்கலாமே."

"நீங்கதானங்க மொற சொல்லக் கூடாதுன்னீங்க. புஸ்தகத்துல போட்டிருக்குன்னு காமிச்சீங்களே."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஆனி ரோஸ் அந்தப் புத்தகத்தை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட வரியைப் பார்த்துக்கொண்டே அங்குமிங்கும் நடந்தாள். புத்தகம் எழுதியவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் ஊரில் பெயரே போதுமாக இருக்கலாம். இந்த ஊரில் பெயரை வைத்து ஒருவரையும் நெருங்க முடியாது. முறை இருந்தால்தான் உரிமையாகத் திட்டலாம், கேலி பேசலாம். கொளஞ்சியப்பனைக் கேலி பேச ஆண்டாயி போன பிறகு ஆளில்லை. இதை நினைத்ததும் இன்னொன்றும் கூடவே வந்தது. தன்னைக் கேலி பேசத்தான் யார் இருக்கிறார்கள்? ஜான் பீட்டர் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். மேற்கொண்டு பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் அங்கன்வாடியைத் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரில் வந்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றாள். மாத்திரைப் பை இன்னும் கம்பியில் தொங்கியது. பந்தை ராசாத்தி கையில் கொடுத்தாள். இதுவும் சரிப்படாவிட்டால் அடுத்த வாரம் ஏழு பேர் நாலு பேராவார்கள், அதற்கடுத்த வாரம் சனிக்கிழமையே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக் கதவு திறக்குமா என்பதைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

ராசாத்தி காம்பவுண்டுக்கு மேலே பந்தை வீசினாள். "மாமா, பந்து வருது, பிடிங்க" என்றாள்.

பந்து உள்ளே விழுந்தது. டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நல்லதம்பி தொண்டையைச் செருமினார். ஆனி ரோஸ் கேட்டுக்கும் மின்கம்பத்துக்குமாக நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். அப்புறம் டிவி நின்றது. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கொளஞ்சியப்பன் பனியனோடு வெளியே வந்து, ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தார்.

"செட்டிகுளத்துக்காரிக்கு எறியத் தெரியுமா? எங்கூட்டு ரோசாவ ஒடைக்கன்னே வந்திருக்கா என் கொழுந்தியா" என்றார். மைக்கில் கேட்ட அதே குரல். ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்லதம்பியும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் எடை போடுகிற சார் கேலி பேசி அவர் கேட்டதே இல்லை.

ஆனி ரோஸ் அதற்குள் மாத்திரைப் பையை அவிழ்த்து எறும்பைத் தட்டத் தொடங்கியிருந்தாள். பழைய மாத்திரையை மாற்ற வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும்.

"ஏ மருமவளே, ஒரு எடத்துல நில்லு. பந்து வருது."

யாரைச் சொல்கிறார் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பந்து அவள் தோளில் பட்டுக் காலடியில் விழுந்தது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் அவளை நர்சம்மா என்றது, மேடம் என்றது, லாரிக்காரர் சம்சாரம் என்றது. முறை வைத்து யாரும் கூப்பிட்டதில்லை. பந்தைக் கையில் எடுத்தாள். திரும்ப எறிய வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சின்ன வார்த்தைதான். வாயைத் திறந்தாள், வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. பந்தை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எறியுங்கள் நர்சம்மா என்று நல்லதம்பி எடுத்துக்கொடுத்தார்.

"அவசரப்படுத்தாதப்பா. அவ இப்பதான் நின்னிருக்கா" என்றார் கொளஞ்சியப்பன். கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியபடி காத்திருந்தார்.